மெர்யாவின் குரல் வராத சனிக்கிழமைகள்

நான் சொல்லப்போவது அப்படியே நடந்ததுதானா என்று எனக்கே சந்தேகம் இருக்கிறது. அந்த வருஷம் பனி முன்கூட்டியே விழுந்துவிட்டது என்று நினைக்கிறேன். என் மனைவி ஹன்னெலே அப்படி இல்லை என்கிறாள். டிசம்பர் பாதிவரை தரை கறுப்பாகவே கிடந்தது என்கிறாள். கம்ப்யூட்டர் மேஜை ஜன்னலோரம் இருந்ததா, அலமாரியை ஒட்டி இருந்ததா என்பதிலும் எங்களுக்குள் ஒற்றுமை இல்லை. பேசிய வார்த்தைகளையாவது ஓரளவு நினைவில் வைத்துக்கொள்ளலாம். இந்தக் கதையின் பெரும்பகுதி யாரும் பேசாத நேரம். ஒரு மௌனத்தை இன்னொரு மௌனத்திலிருந்து பிரித்து நினைவில் வைத்துக்கொள்வது கஷ்டம்.

என் மாமனார் வெய்க்கோ, வார்க்கவுஸில் காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நானும் ஹன்னெலேயும் குவோபியோவில் இருந்தோம். காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். ஹன்னெலே மூத்தவள். இளையவள் மெர்யா கனடாவில், தண்டர் பேயில், ஒரு பள்ளிக்கூடத்தில் வேலையில் இருந்தாள்.

அந்த வருஷம் வசந்தத்தில் என் மாமியார் ஹெல்வி இறந்துபோனார். நோய் முற்றிவிட்டதை மெர்யாவுக்குத் தானே சொல்லிக்கொள்வதாக மாமனார் எங்களிடம் சொல்லியிருந்தார். சொல்லவில்லை. அவ்வளவு தூரத்தில் இருக்கிற பிள்ளையை எதற்கு அலைக்கழிப்பது என்று நினைத்தாராம். செய்தி போனபோது எல்லாம் முடிந்திருந்தது. எங்கள் பக்க வழக்கப்படி அடக்கத்துக்கு இரண்டு வாரம் இருந்தும் மெர்யா வரவில்லை. இனி வந்து யாரைப் பார்ப்பது என்று அக்காவிடம் கேட்டாள். அதற்குப் பிறகு தகப்பனும் மகளும் பேசிக்கொள்ளவில்லை.

நடுவில் கிடந்து தவித்தது ஹன்னெலேதான். செப்டம்பரில் எங்கள் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் மாமனார் வீட்டில், ஒரு காலத்தில் மெர்யாவின் அறையாக இருந்ததில் வைத்தோம். இணையம் வழியாகப் பேசுகிற புரோகிராம்கள் அப்போது புதிதாக வந்திருந்தன. தொலைபேசி மாமனாருக்கு ஒத்துவராது. அவர் வரையில் அது சாவுச் செய்தி சொல்வதற்கான கருவி. கொஞ்ச நேரம் ரிசீவரைப் பிடித்திருந்தால்கூடக் கை சுட்டதுபோல வைத்துவிடுவார்.

முதல் அழைப்பின்போது நாங்களும் இருந்தோம். மெர்யாவின் குரல் தெளிவாகவே வந்தது. "அப்பா" என்றாள். "ம்" என்றார் அவர். மீதி நேரம் முழுக்க அக்காவும் தங்கையும்தான் பேசினார்கள். மாமனார் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். புறப்படும்போது, சனிக்கிழமைதோறும் மூன்று மணிக்கு, சவுனா என்கிற நீராவிக் குளியலறைக்கு அடுப்பு மூட்டுவதற்கு முன்னால், அவரே கூப்பிடுவது என்று ஏற்பாடாயிற்று. அங்கே அப்போது காலை.

இப்போதெல்லாம் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரையும் முகம் பார்த்துப் பேசிவிடுகிறோம். அந்த அறையோ எனக்கு இன்னும் மூக்கில் நிற்கிறது. சூடேறிய மானிட்டரின் தூசி வாசனை. பெட்டிக்குள் மின்விசிறி கொஞ்சம் தடுமாறி, பிறகு நிதானித்துச் சுழல்கிற சத்தம். சுவரில் மெர்யா பதினைந்து வயதில் ஒட்டிய குதிரைப் படங்கள். பேச வேண்டுமானால் அங்கே போய், உட்கார்ந்து, காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பை நான் இழந்துவிட்டேன் என்று சில நாள் தோன்றும்.

நவம்பர் முடியப்போகும் ஒரு மாலையில் மெர்யா எங்கள் வீட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஹன்னெலே ரிசீவரை எனக்கும் கேட்கும்படி சாய்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அப்பாகிட்ட இனிமே நானா எதையும் கேக்கமாட்டேன்."

"ஏன், பேசமாட்டேங்கிறாரா?"

"பேசறாரு. நிறையவே பேசறாரு. அம்மாவோட கடைசி நாளைப் பத்தியெல்லாம் சொன்னாரு. எனக்குச் சொல்லாம விட்டது தப்புன்னுகூடச் சொன்னாரு."

"யாரு, நம்ம அப்பாவா?"

"அவருதான். நான் அழுதுட்டேன். பரவாயில்லப்பா, கிறிஸ்துமஸுக்கு நான் வரட்டுமான்னு கேட்டேன். அதுக்கு என்ன சொன்னாரு தெரியுமா? ஏரி உறைய ஆரம்பிச்சிடுச்சுன்னாரு."

ஹன்னெலே ரிசீவரைக் கை மாற்றிப் பிடித்தாள்.

"எப்பவும் இப்படித்தான்க்கா. நான் ஒண்ணு கேட்டா அவரு வேற ஒண்ணு சொல்றாரு. நான் பேசிக்கிட்டிருக்கும்போதே குறுக்க விறகு, பறவை, பக்கத்து வீட்டுக்காரன்னு ஆரம்பிக்கிறாரு. டிக்கெட் போடணும்னா இந்த வாரத்துக்குள்ள போடணும். சனிக்கிழமை கூப்பிட்டா எடுப்பேன். ஆனா வரட்டுமான்னு திரும்பக் கேக்கமாட்டேன். அவருக்கு நான் வேண்டாம்னா வேண்டாம்."

ரிசீவரை வைத்த பிறகு ஹன்னெலே கொஞ்ச நேரம் சமையலறையில் பாத்திரங்களை இடம் மாற்றி வைத்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"சனிக்கிழமை நீ போயிட்டு வா."

"நானா?"

"நான் போனா சண்டை வந்துடும். அவரோட ரெண்டு மணி நேரம் வாயே தொறக்காம உட்கார்ந்திருக்க உன்னாலதான் முடியும்."

அது கிண்டல்தான். ஆனாலும் உண்மை. எனக்கு அவரைப் பிடித்ததே அதனால்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது வாசல் கதவில் விளக்குமாறு சாத்தியிருந்தது. வீட்டில் ஆள் இல்லை என்று பொருள். அந்த வீட்டுக்கு அதைத் தவிர வேறு பூட்டு இருந்து நான் பார்த்ததில்லை. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். மாமனார் கொட்டகையிலிருந்து விறகோடு வந்தார். என்னைப் பார்த்ததில் ஆச்சரியம் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

"காபி?" என்றார்.

"வேண்டாம் மாமா, வழியிலதான் குடிச்சேன்."

"ஒரு வாய் குடியேன்."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"போட்டாச்சு."

"சரி, அரை கப்."

எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் இந்தப் பேச்சு இப்படியேதான் நடந்துவந்தது. முதல் தடவையே சரி என்று சொல்கிறவனை அந்தப் பக்கத்தில் யாரும் மதிக்கமாட்டார்கள். கப் நிறைய ஊற்றினார். ஏலக்காய் ரொட்டியைத் தட்டில் வைத்தார். வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

ரொம்ப நேரம் கழித்துக் கேட்டேன்.

"மெர்யா என்ன சொல்றா, மாமா?"

"ஒண்ணும் சொல்றதில்ல."

"ஒண்ணுமேவா?"

"ஒரு வார்த்தை பேசறதில்ல." ரொட்டியைப் பிட்டுக் காபியில் நனைத்தார். "எதுக்குப் பேசணும்? நான் பண்ணினது அப்படி. கூப்பிட்டா எடுக்கிறா. உட்கார்ந்து கேக்கிறா. அதுவே எனக்குப் பெரிசு."

என் கப் பாதி வழியில் நின்றது. வரட்டுமா என்று கேட்டதாக அவள் சொன்னதை நான் என் காதால் கேட்டிருந்தேன். இவரோ அவள் வாயே திறக்கவில்லை என்கிறார். உடனே சொல்லிவிட்டிருக்கலாம். ஆனால் முதலில் எனக்குத் தோன்றியது அவருடைய காது. ஆலையில் மெஷின் ஹாலில் வேலை பார்த்தவர்கள் யாருக்கும் காது முழுசாகக் கேட்டதில்லை. அதை அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது?

மூன்று மணிக்கு அந்த அறைக்குப் போனோம். அவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் எடுத்துத் தலையில் வைத்தார். அழைப்பு போயிற்று. எடுத்துவிட்டாள் என்பதற்கான பச்சை அடையாளம் திரையில் வந்தது.

"மெர்யா. அப்பா பேசறேன்."

காத்திருந்தார்.

"துவோமோ வந்திருக்கான்," என்று என் பெயரைச் சொன்னார்.

காத்திருந்தார். எங்கள் ஊர்க்காரர்கள் எதிராளிக்குக் கொடுக்கிற நியாயமான அவகாசம். அது முடிந்ததும் தலையசைத்துவிட்டு அடுத்ததைச் சொன்னார்.

"பறவைக்குக் கொழுப்பு உருண்டை கட்டித் தொங்கவிட்டேன். பக்கத்து வீட்டு அணில் வந்து தின்னுட்டுப் போவுது."

முகத்தில் கோபமோ வருத்தமோ இல்லை. தேவாலயத்தில் உட்கார்ந்திருப்பவரைப் போல இருந்தார். எத்தனையோ சனிக்கிழமை அவர் தனியாக இப்படி உட்கார்ந்து, சொல்லி, காத்திருந்து, அந்த வெறுமையைத் தனக்கான தண்டனையாக ஏற்றுக்கொண்டிருந்திருக்கிறார். வேறு ஊர்க்காரனாக இருந்தால் முதல் நாளே மெஷின் பழுது என்று கத்தியிருப்பான். எங்களில் ஒருவர் பேசாமல் இருந்தால் அது பழுது என்று யாருக்கும் தோன்றாது.

"மாமா, ஒரு நிமிஷம் குடுங்க."

ஹெட்ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டேன். மௌனத்தைப் பற்றி எனக்கு ஓரளவு தெரியும். ஆள் இருக்கிற மௌனத்தில் ஏதாவது இருக்கும். ஒரு மூச்சு, நாற்காலியின் முனகல், தூரத்தில் ஒரு கார். இதில் எதுவுமே இல்லை.

ஒலியைக் கூட்டிப் பார்த்தேன். செருகியைப் பிடுங்கித் திரும்பச் செருகினேன். கம்ப்யூட்டரிலிருந்த ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்தேன். பாட்டு காதைத் துளைத்தது. அப்படியானால் ஹெட்ஃபோனில் கோளாறு இல்லை, காதிலும் கோளாறு இல்லை. அழைப்புக்குக் கீழே எழுதிப் பேசுவதற்கு ஒரு கட்டம் இருந்தது. மாமனார் அதைத் தொட்டதேயில்லை. அதில் தட்டினேன்: "மெர்யா, துவோமோ. உன் குரல் இங்கே வரவில்லை. எங்கள் குரல் கேட்கிறதா?"

பதில் உடனே வந்தது. "நன்றாகக் கேட்கிறது. நான் பேசிக்கொண்டுதானே இருக்கிறேன்."

கொஞ்சம் பொறுத்து இன்னொரு வரி. "எப்போதிலிருந்து வரவில்லை?"

மாமனார் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டத்தில் குனிந்தார். ஒரு தடவை படித்தார். மறுபடி படித்தார்.

"அவ பேசினாளா?"

"எல்லாச் சனிக்கிழமையும் பேசியிருக்கா, மாமா."

"நான் சொன்னது?"

"அது எல்லாமே அவளுக்குக் கேட்டிருக்கு."

"எல்லாமுமா?"

"எல்லாமும்."

கண்ணாடியைக் கழற்றினார். எழுந்து சமையலறைக்குப் போனார். குழாயைத் திறந்துவிடுகிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் தண்ணீர் ஓடியது. நான் போகவில்லை. மெர்யாவுக்குக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி எழுதினேன். கிறிஸ்துமஸ் பற்றி நான் எழுதவில்லை. கேட்டவள் அவள், பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

திரும்பி வந்தபோது அவர் முகம் ஈரமாக இருந்தது. முகம் கழுவியிருந்தார்.

"சரி, என்ன கோளாறுன்னு பாரு," என்றார், ஆலையில் மேஸ்திரி சொல்வதுபோல.

திரையின் மூலையில் நாங்கள் வைக்காத ஒரு சின்னக் கேடயப் படம் இருந்தது.

"இது என்ன மாமா?"

"அதுவா. லைப்ரரியில எங்கள மாதிரி ஓய்வு வாங்கினவங்களுக்கு வகுப்பு வச்சாங்கல்ல, அங்க ஒருத்தன் குடுத்த சிடி. நெருப்புச் சுவரு. கம்ப்யூட்டருக்குள்ள புழுவெல்லாம் வருதாமே, அதத் தடுக்கிறதுக்கு. நானேதான் போட்டேன்." அந்தக் கடைசி வார்த்தையில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"எப்ப போட்டீங்க?"

"நீங்க இத வச்சுட்டுப் போனீங்களே, அதுக்கு அடுத்த வாரம்."

கேடயத்தை அழுத்தினேன். அவர் சொன்ன நெருப்புச் சுவரின், அதாவது ஃபயர்வாலின், பக்கம் திறந்தது. எந்த புரோகிராமுக்கு வெளியிலிருந்து வருவதை வாங்கிக்கொள்ள அனுமதி உண்டு, எதற்குக் கிடையாது என்கிற விவரம் வந்தது. மேலிருந்து கீழ்வரை சிவப்பு. பேசுகிற புரோகிராம், கடிகாரம், நாங்கள் போட்டுக்கொடுத்த சதுரங்கம்கூட. இவருடைய குரல் வெளியே போவதற்குத் தடையில்லை. அவள் எழுதியது நடுவில் வேறொரு கம்ப்யூட்டர் வழியாக வந்ததால் தப்பித்திருக்கிறது. அவளுடைய குரல்தான் வாசல்வரை வந்து, உள்ளே விடாமல், அப்படியே நின்றுபோயிருக்கிறது.

"மாமா, சின்ன ஜன்னல் ஒண்ணு வந்து ஏதாவது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. இங்கிலீஷ்ல. உள்ள விடட்டுமா வேண்டாமான்னு கேக்குதுன்னு வகுப்புல சொன்னாங்க."

"நீங்க?"

"வேண்டாம்னேன்."

"எல்லாத்துக்குமா?"

"எடுத்த எடுப்புல யாராவது சரிம்பாங்களா?" என்னை ஒரு மாதிரி பார்த்தார். "திரும்பக் கேக்கும்னு நெனச்சேன். கேக்கவேயில்ல. நானும் காத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

ஜன்னலில் 'இந்தப் பதிலை நினைவில் வைத்துக்கொள்' என்ற கட்டத்தில் முன்னதாகவே டிக் போட்டிருக்கும். ஒரு தடவை சொன்னதை அது என்றைக்குமாக எடுத்துக்கொண்டுவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவரைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"சுவரையே நிறுத்திப் பார்ப்போம், மாமா. குரல் வருதான்னு தெரிஞ்சிடும்."

"சுவரை எடுக்கக் கூடாது."

"ஒரு நிமிஷந்தான். வாசக் கதவுக்கே விளக்குமாத்தைச் சாத்தி வச்சிட்டுப் போற ஆளு நீங்க."

"வாசலுக்கு வர்றது மனுஷன். இது வேற. ஆலையில பேப்பர்க் கிடங்குக்கும் மெஷின் ஹாலுக்கும் நடுவுல நெருப்புச் சுவரு உண்டு. ஒரு தடவை அந்தப் பக்கம் பத்திக்கிச்சு. இந்தப் பக்கம் இருந்த நாங்க அந்தச் சுவரால பொழைச்சோம். அத ஒரு நிமிஷம் எடுத்துட்டு வைக்கலாம்னு எவன் சொன்னாலும் நான் கேக்கமாட்டேன்."

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. யோசித்தேன்.

"அந்தச் சுவத்துல கதவு இருந்துச்சா?"

"இருந்துச்சு. இரும்புக் கதவு."

"அதுவழியா ஆளு போகலாம் வரலாமா?"

"வேலையிருக்கிறவன் வரலாம்."

"மெர்யாவுக்கு மட்டும் ஒரு கதவு வைக்கிறேன். சுவரு அப்படியே இருக்கட்டும்."

நெற்றியைச் சுருக்கிக்கொண்டு திரையைப் பார்த்தார். பிறகு "வை" என்றார்.

பேசுகிற புரோகிராமின் சிவப்பை நீக்கி அனுமதி கொடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. புரோகிராமை மூடித் திறந்தேன். அப்போதும் ஆகவில்லை. அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சுவிடுவது கேட்டது. கீழே இன்னொரு வரியில் அதே புரோகிராம் இரண்டாவது தடவையாகச் சிவப்பில் கிடந்தது. ஏதோ ஒரு நாள் அது தன்னைப் புதுப்பித்துக்கொண்டு மறுபடி கேட்டிருக்கிறது. அது வேறு ஏதோ ஒன்று என்று நினைத்து அதற்கும் வேண்டாம் என்றிருக்கிறார். அதையும் மாற்றினேன். கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டேன். அந்தக் காலத்தில் அது எழுந்து உட்கார ஒரு காபி குடிக்கிற நேரம் ஆகும். இருவரும் குதிரைப் படங்களைப் பார்த்தபடி நின்றோம். ஹெட்ஃபோனை எடுத்துவிட்டு ஒலிபெருக்கியைச் செருகினேன்; மைக் மேஜை மேல் தனியாக இருந்தது.

அழைத்தோம். பச்சை அடையாளம் வந்தது. முதலில் வந்தது அவள் குரல் இல்லை. எங்கோ ஒரு நாய் குரைத்தது. அவள் வீட்டு நாய். பிறகு ஒரு மூச்சு.

"அப்பா?"

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "கேக்குதும்மா."

நான் வெளியே போயிருக்க வேண்டும். அவர் கையால் என்னை நிறுத்தினார். மறுபடி கெட்டுப்போனால் என்ன செய்வது என்கிற பயமாக இருக்கலாம்.

"நான் பேசினது எதுவுமே உனக்குக் கேக்கலையாப்பா?"

"இல்ல."

"அப்ப ஏன்ப்பா ஒவ்வொரு வாரமும் கூப்பிட்டே?"

அங்கே நாய் அடங்கிவிட்டது. ஒரு கெட்டில் கொதிக்கத் தொடங்கும் சத்தம் வந்தது. யாரோ அதை அணைத்தார்கள். இது வேறு மௌனம். இதில் இரண்டு பேர் இருந்தார்கள்.

"நான் ஒண்ணு கேட்டேன்ப்பா. துவோமோ சொன்னானா?"

"இல்ல. அவன் ஒண்ணும் சொல்லல."

திரும்பக் கேட்கமாட்டேன் என்று அக்காவிடம் சொன்னவள் அவள்.

"கிறிஸ்துமஸுக்கு நான் வரட்டுமா?"

"உனக்கு எதுக்கும்மா அவ்வளவு அலைச்சல்," என்றார் அவர்.

சொல்லிய கணமே அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருடைய நாக்கு, அவரைக் கேட்காமல், வாழ்நாள் முழுவதும் சொன்னதைச் சொல்லிவிட்டது. அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பன்னிரண்டு வருஷம் வேறு ஊரில் இருந்தவள். அங்கே ஒரு தடவை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பது கேட்டது.

மாமனார் மேஜை மேல் இரண்டு கையையும் ஊன்றி மைக்குக்கு அருகே குனிந்தார். மெஷின் ஹாலில் ஓடுகிற இயந்திரத்துக்கு மேலாகப் பேசுகிற குரலில், "வா" என்றார். "நீ திரும்பக் கேக்க வேண்டாம். வா."

"வரேன்ப்பா," என்றாள் மெர்யா.

அதற்குப் பிறகு அவர்கள் அணிலைப் பற்றிப் பேசினார்கள். எந்த மரத்தில் கட்டியிருக்கிறது, எவ்வளவு உயரத்தில், அணில் சிவப்பா சாம்பலா. நான் போய் சவுனா அடுப்பை மூட்டினேன். பிர்ச் மரத்து விறகு நன்றாகக் காய்ந்திருந்தது.

மெர்யா கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் வந்தாள். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மாலை அப்பாவும் மகள்களும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் ஹெல்விக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அதன் பிறகு ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் வந்துபோனாள். வெய்க்கோ ஆறு குளிர்காலம் கழித்து ஆஸ்பத்திரியில் இறந்தார். உடம்பு மோசமானதுமே மெர்யாவுக்குச் சொல்லிவிட்டோம், அவள் கூடவே இருந்தாள். வார்க்கவுஸ் வீட்டை ஒரு இளம் தம்பதி வாங்கினார்கள். அவர்களுக்கு இப்போது மூன்று குழந்தைகள். கம்ப்யூட்டரை நான்தான் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மெர்யா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள், தண்டர் பேயிலேயே இருக்கிறாள். ஹன்னெலேயும் நானும் குவோபியோவில் இருக்கிறோம்.